ஊவா மக்கள் ஏன் போருக்கெழுந்தனர்?

ஒரு நாட்டினர் ஓர் ஆட்சியை உதறித் தள்ளும்போது, அதற்குரிய காரணங்களை உலகறிய எழுதிவைப்பது ஒரு மரபு. 1776 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் அவ்வாறே செய்தன. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் தங்களுக்கு இழைத்த தீங்குகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி, அம்மன்னருக்கும் தங்களுக்கும் இனி யாதொரு தொடர்பும் இல்லையென அவை அறிவித்தன. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குள், 1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆந் திகதி, கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் கொலுமண்டபத்தில் வேறொரு பத்திரம் வாசிக்கப்பட்டது. அதிலும் ஒரு மன்னன் செய்த கொடுமைகள் எடுத்துரைக்கப்பட்டன. அவன் ஆளும் உரிமையை இழந்துவிட்டான் என்ற முடிவும் கூறப்பட்டது. ஆனால், அப்பத்திரம் நாட்டை எவருடைய ஆட்சியினின்றும் விடுவிக்கவில்லை. இன்னொரு மன்னர் கையில் ஒப்படைத்தது. அந்த மன்னர், அமெரிக்கர் உதறித் தள்ளிய அதே மூன்றாம் ஜோர்ஜ்!

இவ்வாறு பத்திரத்தில் ஒப்பமிட்டு மூன்று ஆண்டுகள் முடியுமுன்னே ஊவா நாடு போர்க்கோலங் கொண்டது. பதுளைக்குக் கிழக்கே வெல்லசப் பகுதியில் மூண்ட தீ, கண்டி இராச்சியத்தின் பெரும்பகுதிக்கும் பரவிற்று. அந்தப் போருக்கு எவரும் அமெரிக்கரைப்போல் காரணங்களை வரிசைப்படுத்தி அறிக்கை எழுதவில்லை. அதனாலேதான் அதன் காரணத்தைப் பற்றிப் பிற்காலத்தவர் தத்தமக்கு வேண்டியவாறு எழுதிக்கொண்டனர். ஆட்சியிழந்த சில பிரதானிகளின் தன்னலமே காரணம் என்றனர் ஆங்கிலேயர். அந்நியரை எதிர்த்த தேசிய விடுதலைப் போர் என்றனர் பின்வந்த சுதேசிகள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், இரண்டும் விடை கூறாத ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. அக்கேள்வி தமிழ் மக்களுக்கு நெருங்கிய தொடர்புடையது.

கண்டி இராச்சியத்தை 1739 ஆம் ஆண்டு முதல் ஆண்டுவந்தவர்கள் நாயக்க மரபினர். கண்டி மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண்ணெடுக்கும் வழக்கமுடையவர்கள். வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறந்தபோது, அவனுடைய அரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறினான். அன்று தொடங்கி அம்மரபில் நால்வர் ஆண்டனர். தென்னாட்டில் வேர்கொண்ட குடும்பமாயினும், அவர்கள் பௌத்த சமயத்தைப் பேணிக் காத்தனர். இலங்கையில் அற்றுப்போயிருந்த பிக்குமாரின் உபசம்பதையை 1753 இல் சீய நாட்டுப் பிக்குமாரை வரவழைத்து மீண்டும் நிலைநாட்டியவன், இம்மரபினனாகிய கீர்த்தி சிறீ இராசசிங்கனே. நால்வருள் கடைசியானவன் சிறீ விக்கிரம இராசசிங்கன். கண்ணுச்சாமி என்பது அவனுடைய இயற்பெயர். 1798 இல் முடிசூடிய அவன், காலஞ் செல்லச் செல்லப் பிரதானிகளோடு பகைத்தான். எகலப்பொல அதிகாரம் தனக்கு மாறாக எழுந்து ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தபோது, அவருடைய மனைவி மக்களை 1814 இல் கொல்வித்தான். அக்கொலையோடு கண்டி மக்களிற் பலருடைய மனமும் அவனை விட்டு நீங்கிற்று. 1815 பெப்ரவரி 18 ஆந் திகதி மெதமகாநுவரைக்கு அணித்தாய் அவன் பிடிபட்டான். அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டான். அங்கேயே 1832 ஆம் ஆண்டு சனவரி மாதம் 30 ஆந் திகதி உயிர்நீத்தான்.

மார்ச்சு 2 இன் கண்டி உடன்படிக்கையைப் படிப்பவர், அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பர். அது 'மலபார்' என்னும் சொல். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தென்னிந்தியரையும் அப்பெயராலேயே வழங்கினர். அரசன் கொடுங்கோலன் என்று மட்டும் உடன்படிக்கை கூறவில்லை. அவன் மலபார் மன்னன் என்றும் கூறிற்று. அவனை மட்டுமன்றி அவனுடைய முன்னோர், பின்னோர், கிளைஞர் அனைவரையும் அரியணையினின்றும் என்றென்றைக்கும் விலக்கிற்று. அவனுடைய உறவினராயுள்ள ஆடவர் மட்டுமல்லர், உறவினரென்று தம்மைக் கூறிக்கொள்ளும் ஆடவரும் நாட்டின் பகைவர். எழுத்துமூல அனுமதியின்றி அவர்கள் கண்டி மாகாணங்களுக்குள் காலடி வைத்தலாகாது. உறவினரென்று கூறிக்கொள்பவர்! அவ்வாறு ஒருவன் வருவான் என்பதைப் பத்திரத்தை வரைந்தவர் முன்னரே எண்ணியிருந்தனர் போலும்.

ஒப்பமிட்ட பிரதானிகளின் வரிசையில், ஊவாவின் திசாவை என்ற முறையில் மொனரவில கெப்பட்டிப்பொலவின் பெயரும், வெல்லச விந்தனைத் திசாவை என்ற முறையில் மில்லாவையின் பெயரும் காணப்படுகின்றன. பின்னாளில் ஊவாவின் படைத்தலைவராகித் தலைகொடுத்தவரும் இதே கெப்பட்டிப்பொலதான்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை மலைகளைக் கடந்து கிழக்கே இறங்கினால் வெல்லச தொடங்கும். பிபிலை, மெதகமை முதலிய ஊர்கள் அதனுள் அடங்கியவை. 1959 வரை பதுளை மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, பின்னர் மொனராகலை மாவட்டம் எனத் தனியாகப் பிரிந்த நிலப்பரப்பு அது. வெல்லச என்றால் இலட்சம் வயல் என்று பொருள் கூறுவர். அப்பெயரில் ஓரளவு மிகை இருக்கலாம். எனினும், குளங்களாலும் கால்வாய்களாலும் நெல் விளைந்த நாடு என்பதில் ஐயமில்லை. அந்நாட்டின் குடிமகனொருவன் கண்டி அரண்மனையை வாழ்நாளிற் கண்டிருக்கமாட்டான். ஆனால், அவன் உழுத வயலுக்கு ஈடாகச் செய்த இராசகாரியம், விளக்கேற்றிய தேவாலயத்தின் ஊழியம், வழக்குண்டானால் மேன்மேலும் முறையிட்டுச் செல்லும் வழி ஆகிய இவையனைத்தும் ஈற்றிற் சென்று சேருமிடம் அரசன் என்பதை அவன் அறிவான். அரசன் நல்லவனா, தீயவனா என்பது வேறு. அரசன் என்றொருவன் இருக்கவேண்டும். எட்டிப்போய் முறையிடக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும்.

1815 இன் பின்னர் அந்த இடம் வெறுமையாயிற்று. புதிய மன்னர் கடலுக்கப்பால் இருந்தார். மூன்றாம் ஜோர்ஜ் மனநோயுற்று, ஆட்சிப் பொறுப்பு மகன் கைக்கு மாறி ஏற்கெனவே நான்காண்டுகள் கழிந்திருந்தன என்பதை வெல்லச மக்கள் அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்தால் எள்ளி நகைத்திருப்பர். அவருக்குப் பதிலாகக் கொழும்பிலே தேசாதிபதி சேர் றொபேட் பிரவுன்றிக் இருந்தார். கண்டியிலே ஜோன் டொயிலி இருந்தார். பதுளையிலே உதவிப் பிரதிநிதியாகச் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் என்னும் இளம் உத்தியோகத்தர் இருந்தார். டொயிலி சிங்களம் நன்கு கற்றவர். கண்டி வழக்கங்களை நுணுகி ஆராய்ந்தவர். ஆனால், கற்றவராயிருப்பதும் அரசராயிருப்பதும் ஒன்றல்ல. பிரதானிகள் வருகையில் பண்டைக் காலத்தில் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவர். இப்போது வெள்ளைச் சிப்பாய் ஒருவன் அவர்களை ஏறெடுத்தும் பாராமல் நடந்துபோனான். கொடிய மன்னனை அகற்றியபின் ஆங்கிலேயர் தமது நாட்டுக்குத் திரும்பிவிடுவர், அல்லது தமக்கோர் அரசனைத் தந்துவிட்டு ஒதுங்கியிருப்பர் எனப் பலர் எதிர்பார்த்தனர். எகலப்பொல அந்த முடி தமக்கே வருமென நம்பியிருந்தார். அவ்வெதிர்பார்ப்பு ஒவ்வொரு மாதமும் பொய்த்துக்கொண்டு வந்தது.

இவையெல்லாம் புகைந்துகொண்டிருந்த காரணங்கள். தீப்பற்றியது மிகச் சிறியதொரு நியமனத்தினால்.

வெல்லசவிலே சோனகர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்துவந்தனர். தவள மாடுகளின் மீது பொதியேற்றி, கரையோரத்திலிருந்து உப்பும் பிற பண்டமும் கொணர்ந்து, மலைநாட்டுப் பாக்கு முதலியவற்றைக் கொண்டுசெல்வது அவர்களுடைய தொழில். அரசனுக்குரிய பொதிசுமக்கும் ஊழியமும் அவர்களைச் சார்ந்ததே. அவர்கள் அனைவரும் வெல்லசத் திசாவையின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தனர். ஆங்கிலேயர், தமக்குதவிய ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்து, சோனகரை மில்லாவைத் திசாவையின் கையிலிருந்து பிரித்து அவருடைய கையிற் கொடுத்தனர். கொழும்பிலே காகிதத்தில் இது ஒரு வரி. வெல்லசவிலோ, திசாவையின் வருவாயும் மதிப்பும் ஒரே நாளிற் குறைந்தன; அவருக்குக் கீழிருந்த ஊர்த்தலைவர்களின் நிலையும் ஆட்டங்கண்டது. அண்டை அயலாய் வாழ்ந்த இரு சமூகங்களுக்கிடையே ஆட்சியாளர் இட்ட கோடு எனவும் இதனைக் கூறலாம். அதன் கேட்டை முதலில் அனுபவித்தவர் முகாந்திரமே.

1817 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கதிர்காமம் செல்லும் வழியிலும் வெல்லசக் காடுகளிலும் புதியவன் ஒருவன் நடமாடுவதாகச் செய்தி பரவிற்று. அவன் தன்னைத் துரைசாமி என்று கூறினான். சிறீ விக்கிரம இராசசிங்கனின் உறவினன், நாயக்க மரபினன் என்றான். கதிர்காமத் தெய்வமே இராச்சியத்தைத் தனக்கு அருளியதாகவும் சொன்னான். ஊர்த்தலைவர்கள் அவனை வணங்கினர். உண்மையில் அவன் வில்பாவே என்னும் பெயருடைய சிங்களவன்; துறவை விட்டுவந்த பிக்கு. இச்செய்தியை ஆராய்ந்துவரும்படி வில்சன் முகாந்திரத்தை அனுப்பினார். முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் ஒக்டோபர் நடுவில் வில்சன் தாமே சிறு படையோடு பதுளையிலிருந்து புறப்பட்டார். பூத்தாவை இரட்டேராளையின் ஆட்கள் வழியை மறித்து நின்றனர். பேச்சுவார்த்தை பயன்தரவில்லை. அம்பு பாய்ந்து வில்சன் மாண்டார். ஊவாப் போர் தொடங்கிற்று.

கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயர் அனுப்பியவர் வேறு யாருமல்லர், உடன்படிக்கையில் ஒப்பமிட்ட கெப்பட்டிப்பொலவே. நவம்பர் மாதத் தொடக்கத்தில் அவர் ஊவாவுக்கு வந்தார். வந்த இடத்திற் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். அவர் செய்த ஒரு காரியம் இன்றும் பேசப்படுகின்றது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அரசாங்கத் துப்பாக்கிகளைத் தேசாதிபதிக்கே திருப்பியனுப்பிவிட்டார். கொடுத்தவர் மீதே அவர் கொடுத்த ஆயுதத்தைத் திருப்புதல் தகாது என்பது அவருடைய எண்ணம். போர்முறை கற்றவர் இதைப் பேதைமை என்பர். ஊவா மக்களுக்கு அது ஒன்றே போதுமானதாயிருந்தது.

இனி, முன்கூறிய கேள்விக்கு வரலாம். 'மலபார்' மரபு வேண்டாவென்று பிரதானிகள் அனைவரும் எழுதிக் கொடுத்து இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்ஙனமாக, அரசனாக எழ விரும்பிய ஒரு சிங்களவன், தன் சொந்தப் பெயரை மறைத்து, நாயக்க மரபின் தமிழ்ப் பெயரொன்றை ஏன் சூடிக்கொள்ளவேண்டும்? தன்னைச் சிங்கள வீரன் என்று கூறியிருந்தால் எளிதன்றோ? அவன் அவ்வாறு கூறவில்லை. ஊவா மக்கள் எந்தப் பெயரைக் கேட்டால் எழுவர் என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். துரைசாமி என்றான்; எழுந்தனர்.

இதிலிருந்து தெரியவருவது யாதெனில், உடன்படிக்கையில் எழுதப்பட்ட காரணம் எழுதியவர்களுடைய காரணமேயன்றி ஊராருடைய காரணம் அன்று என்பதே. எகலப்பொலவுக்கு மன்னன்மேல் ஆறாத பகை இருந்தது. பிரதானிகளுக்குப் பதவியாசையும் அச்சமும் இருந்தன. ஆங்கிலேயருக்குத் தீவு முழுவதும் வேண்டியிருந்தது. இம்மூவருக்கும் பொதுவாகச் சொல்லத்தக்க ஒரு சொல்லாக 'மலபார்' பயன்பட்டது. வெல்லச உழவனுக்கோ அரசன் எந்த நாட்டு வழியில் வந்தான் என்பது பெரிதன்று; முறைப்படி முடிசூடினானா, தந்ததாதுவைப் பேணினானா, தேவாலயத்து விழாக்களை நடத்தினானா என்பனவே பெரியவை. மூன்று தலைமுறைகளாக அவற்றைச் செய்துவந்த குடும்பத்தின் பெயர், அவனுக்கு அந்நியப் பெயராகத் தோன்றவில்லை. அந்நியமாய்த் தோன்றியது, அரசனே இல்லாத அரசாங்கந்தான்.

இது ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. கண்டியின் கடைசி மன்னன் சிறையிருந்த அதே வேலூர்க் கோட்டையில், 1806 ஆம் ஆண்டு யூலை 10 ஆந் திகதி இந்தியச் சிப்பாய்கள் எழுந்தனர். புதிய தலைப்பாகை அணியவேண்டும், நெற்றிக் குறியும் காதணியும் ஆகா என்ற கட்டளையே அவர்களைக் கொதிக்கச் செய்தது. பார்வைக்கு எவ்வளவு சிறிய காரணம்! ஆனால், கோட்டை கைப்பட்டதும் அவர்கள் ஏற்றிய கொடி திப்பு சுல்தானுடையது. அரசனாகக் கூவியழைத்தது திப்புவின் மைந்தனை. அரைநூற்றாண்டு கழித்து 1857 இல் வட இந்தியச் சிப்பாய்கள் தோட்டா உறையின் பொருட்டு எழுந்தபோதும், நேரே டில்லிக்குச் சென்று முதிய பகதூர்ஷாவையே அரசராக்கினர். பழைய ஆட்சியின் குறைகளை அவர்கள் மறந்துவிட்டனர் என்பதல்ல. புதிய ஆட்சி தம்மை மனிதராய் மதிக்கவில்லை என்று உணர்ந்த மக்களிடம், அந்த மதிப்பைக் குறிக்க வேறொரு சொல் இருக்கவில்லை. 'தேசம்', 'மக்களாட்சி' என்னும் சொற்கள் அவர்களிடம் வந்துசேர்ந்த காலம் வேறு.

போர் ஓராண்டுக்கு மேலாக நீடித்தது. 1818 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊவாவோடு வலப்பனை, மாத்தளை, தும்பறை, நுவரகலாவி ஆகிய பகுதிகளும் சேர்ந்தன. மொல்லிகொட அதிகாரம் ஆங்கிலேயர் பக்கமே நின்றமையால், கண்டிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட வழி அவர்களுக்குத் திறந்திருந்தது. அவ்வழி மூடப்பட்டிருக்குமாயின் வரலாறு வேறு விதமாய்ப் போயிருத்தல் கூடும். எகலப்பொல ஐயத்தின்பேரில் அதே ஆண்டிற் சிறைப்படுத்தப்பட்டார். பின்னர் மொறீசியசுக்கு அனுப்பப்பட்டு 1829 இல் அங்கேயே இறந்தார். தந்ததாதுவும் கண்டியினின்று மறைவாக எடுத்துச் செல்லப்பட்டது. தந்ததாது எவரிடம் உள்ளதோ அவரிடமே அரசுரிமை என்பது கண்டியரின் நம்பிக்கை.

வில்லும் அம்பும் சில பழந்துப்பாக்கிகளும் கொண்டு காட்டிலிருந்து தாக்கிய மக்களை, அணிவகுத்துப் போரிடும் படையினால் வெல்ல முடியவில்லை. ஆகவே, பிரவுன்றிக்கின் படைகள் ஊரையே பகையாகக் கருதின. வீடுகளுக்குத் தீ வைத்தனர், களஞ்சியங்களை அழித்தனர், மாடுகளைக் கொன்றனர், பயன்மரங்களைத் தறித்தனர். ஒரு பருவம் விதைப்பின்றிப் போனால் மறுபருவம் பசி வரும். அதுவே நோக்கம். மேல் ஊவாவிற் பரணகமையில் மேஜர் மக்டொனால்ட் பாளையமிட்டிருந்த இடம் மக்டொனால்ட் கோட்டை என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. நோயினாற் படை மெலியவே, சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனியின் படைகள் தருவிக்கப்பட்டன. துரைசாமி என்ற தமிழ்ப் பெயருக்காக ஊவாவிலே சிங்கள உழவர் மடிந்துகொண்டிருக்கையில், அவர்களை அடக்க வந்த படையிலே தென்னிந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். போர்க்களத்தில் யார் எந்தப் பக்கம் என்பதை மொழியைக் கொண்டோ குலத்தைக் கொண்டோ அளந்துவிட முடியாமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அப்படையில் வைத்தியராயிருந்த ஜோன் டேவி, ஆங்கிலேயர் தரப்பில் நோயினாலும் போரினாலும் ஆயிரம் பேர்வரை இறந்தனர் என மதிப்பிட்டார். நாட்டு மக்களின் இழப்பு அதனிற் பத்து மடங்காகலாம் என்றும் எழுதினார். எதிர்ப்படையின் வைத்தியரே கூறிய கணக்கு இது. போர்க்களத்தில் வீழ்ந்தவரோடு பசியாலும் பிணியாலும் மடிந்தவரும் அதனுள் அடங்குவர். ஊவாவின் குளங்களும் கால்வாய்களும் பின்னர் பல்லாண்டுகள் பாழாய்க் கிடந்தன.

முடிவு இரக்கத்துக்குரியது. துரைசாமி உண்மையில் வில்பாவே என்பதை அறிந்த மடுகல்லைப் பிரதானி சினந்து, அவனையும் கெப்பட்டிப்பொலவையும் ஒருங்கே தொழுவில் மாட்டிவைத்தார். கிளர்ச்சியாளரே தம் தலைவரைத் தளையிட்ட அந்த நாட்களோடு எழுச்சி தளர்ந்தது. வில்பாவே தப்பிச் சென்று பல ஆண்டுகள் தலைமறைவாய் வாழ்ந்தான். கெப்பட்டிப்பொல 1818 ஒக்டோபர் இறுதியில் அநுராதபுரப் பக்கத்திற் பிடிபட்டார். தந்ததாதுவும் அதே காலத்தில் ஆங்கிலேயர் கைப்பட்டது. நவம்பர் மாத இறுதியில் கண்டி போகம்பரையில் அவரும் மடுகல்லையும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அவருடைய இறுதி நேரத்தை அருகிருந்து கண்ட படை வைத்தியர் ஹென்றி மார்ஷல், அவருடைய நெஞ்சுறுதியை வியந்து எழுதினார். எழுச்சி வென்றிருந்தால் இவர் துரோகியாக அன்றி நாட்டுப்பற்றாளராக மதிக்கப்பட்டிருப்பார் என்றுங் கூறினார். கூறியவர் அத்தோடு நின்றாரில்லை. அவருடைய மண்டையோட்டை எடின்பரோவிலிருந்த கபால ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்! இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரே அது தாயகம் திரும்பிற்று. 1954 இல் தலதா மாளிகை முன்றலில் அடக்கஞ் செய்யப்பட்டது. 1818 இல் துரோகிகள் எனப் பெயர் குறிக்கப்பட்டோரை 2016, 2017 ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு தேசிய வீரர்களென அறிவித்தது.

ஆங்கிலேயர் இப்போரின் காரணத்தை வெளியே எவ்வாறு கூறினும், உள்ளூர அதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1818 நவம்பர் 21 ஆந் திகதி வெளியான பிரகடனமே அதற்குச் சாட்சி. ஐம்பத்தாறு பிரிவுகள் கொண்ட அப்பத்திரம், 1815 இல் பிரதானிகளுக்கு அளித்த வாக்குறுதிகளிற் பலவற்றை மீளப் பெற்றது. நீதியும் வரியும் ஆங்கில உத்தியோகத்தரின் நேர்ப்பார்வைக்கு வந்தன. நெல்வரி பொதுவாக விளைவிற் பத்திலொன்று. ஆங்கிலேயர் பக்கம் நின்ற பகுதிகளுக்குப் பதினான்கிலொன்று. பௌத்த சமயத்துக்கு முன்னர் கொடுத்த தனியுறுதி தளர்த்தப்பட்டு, ஏனைய சமயங்களுக்கும் பாதுகாப்புண்டு எனக் கூறப்பட்டது. இவற்றுள் ஒரு பிரிவு மிகவும் கவனிக்கத்தக்கது. கொலுமண்டபத்துட் புகும் ஒவ்வொருவரும் அங்கே மாட்டப்பட்டுள்ள மன்னரின் படத்துக்கு வணக்கஞ் செலுத்த வேண்டும். அரசனில்லாக் குறையைத் தீர்க்க ஒரு படம்!

படையினர் செல்ல வெட்டப்பட்ட வழிகள் அடுத்த தலைமுறையிற் கோப்பித் தோட்டங்களுக்கு வழியாயின. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உழவின்றிக் கிடந்த காடும் தரிசும் முடிக்கே உரியவை எனக் கொண்டது. அந்நிலங்கள் துரைமாருக்கு விலைப்பட்டன. மேல் ஊவாவின் மலைச்சாரல்கள் முதலிற் கோப்பியும், நோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும் ஆயின. ஹப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை 1890 இல் தோமஸ் லிப்டன் வாங்கினார். 1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. இத்தனைக்கும் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு கடல்கடந்து, காட்டுவழியே நடந்து வந்த தொழிலாளர்கள். 'மலபார்' ஆடவர் எழுத்துமூல அனுமதியின்றி இம்மாகாணங்களிற் காலடி வைத்தலாகாது என்று 1815 இல் எழுதிய அதே அரசாங்கத்தின் ஆட்சியில், 'மலபார் கூலிகள்' என்ற பெயரோடு அவர்கள் பல்லாயிரவராகக் கொண்டுவரப்பட்டனர். பதுளையிலும் பசறையிலும் நமுணுகுலைச் சாரலிலும் அவர்களுடைய லயன்கள் எழுந்தன. துரைசாமிக்கு அரசளித்ததாகக் கூறப்பட்ட கதிர்காமத் தெய்வமே அவர்களுக்கும் தெய்வமாக இருந்தது.

1948 பெப்ரவரி 4 ஆந் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. இம்முறை போரில்லை, பேச்சினாற் கிடைத்த சுதந்திரம். புதிய நாட்டுக்குக் கொடி எது என்ற கேள்வி எழுந்தபோது, சிறீ விக்கிரம இராசசிங்கனின் சிங்கக்கொடியையே ஏற்கவேண்டும் எனச் சனவரி மாதத்திற் பாராளுமன்றத்திற் பிரேரித்தவர், மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. அக்கொடியே பின்னர் தேசியக் கொடிக்கு அடிப்படையாயிற்று. வேலூரிற் கைதியாக மாண்ட நாயக்க மன்னனின் கொடி, சுதந்திர நாட்டின் கொடியாகப் பறந்தது. வெல்லச உழவர் உயிரோடிருந்திருந்தால் அதனை வியப்பாகக் கருதியிருக்கமாட்டார்கள்.

ஆனால், அதே ஆண்டிற் குடியுரிமைச் சட்டமும் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம், யார் இந்நாட்டவர் என்பதைத் தந்தை, பாட்டன் பிறப்பைக் கொண்டு வகுத்தது. ஊவாத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தோரும் அதற்குரிய சான்றுப் பத்திரம் காட்ட இயலாமற் போயினர். தோட்டத்துப் பிரசவங்களுக்குப் பதிவுச் சீட்டை யார் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்? 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1949 இல் வாக்குரிமையும் நீங்கவே, 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவற்றுள் ஒன்றேனும் அதற்குக் கிடைக்கவில்லை. 1964 இல் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை இம்மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும். பதுளைப் புகையிரத நிலையத்தில் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட குடும்பங்கள் பல. நாடு சென்றோரும் நாடு கிடைக்காதோருமாக ஒரே லயனின் அண்டை வீடுகள் பிரிந்தன.

அந்தக் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது 2003 இல். அவ்வாண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கியபோது, மன்னனின் கொடி ஏறி ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.